உள்ளங்கையில் ஊதிய மூச்சு

உதட்டுக்கும் மெஷினுக்கும் நடுவில் வெள்ளைக் குழாய், கட்டைவிரல் நீளம்தான், ஊதுங்க தம்பி என்கிறார் வேதமாணிக்கம் அண்ணாச்சி, துறைமுக கேட்டில் கிரேன் ஓட்டுகிறவர்களை ஊதவைத்து உள்ளே விடுகிற செக்யூரிட்டி, மனைவி இறந்து பதினேழாம் நாள் வேலைக்கு வந்திருக்கும் என் முகத்தைப் பார்க்காமல் மெஷினையே பார்க்கிறார், நானும் அதைத்தான் பார்க்கிறேன், சைபருக்கு மேல் நம்பர் காட்டினால் இன்றோடு வேலை போய்விடும், நான் குடிக்கவில்லை, இருந்தாலும் பயம், இருபது வயதில் குடித்ததெல்லாம் அடியில் எங்கேயோ தங்கியிருந்து இந்தக் குழாய் வழியாக வந்துவிடுமோ என்று தினமும் ஒரு கணம் தோன்றும், அப்போது மெக்கானிக்கல் கடைசி வருடம், கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் ஹாஸ்டலில் வேலை கிடைத்ததைக் கொண்டாடினோம், கிடைப்பதற்கு முன்பே, மறுநாள் இன்டர்வியூவில் எதிரே இருந்த அம்மையார் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உங்கள் ஊர் எது என்று மட்டும் கேட்டார், அந்த ஜன்னல் திறந்த சத்தம் ஒன்பது வருடம் கேட்டது, ஒர்க் ஷாப்பில் ஐந்து மாதம், கார் கம்பெனியில் எட்டு மாதம், திங்கட்கிழமை வராதவன் என்று பெயர், கூடப் படித்தவர்கள் மேனேஜர் ஆனபோது நான் பயோடேட்டாவில் விட்டுப்போன வருடங்களுக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன், இருபத்தொன்பது வயதில் கிரேன் லைசன்ஸ், அதே வருடம் வல்லி.

செண்பகவல்லி. கல்யாணமான மூன்றாம் மாதம் இந்த கேட்டில் மெஷின் என்னைப் பிடித்தது, டெம்பரவரிதான் அப்போது, இன்னொரு தடவை என்றால் வர வேண்டாம் என்றார்கள், வீட்டில் சொன்னேன், அவள் அழவில்லை, மறுநாள் காலை சாப்பாட்டு டப்பாவை இடுப்பில் அணைத்தபடி வாசலை மறித்து நிற்கிறாள், உள்ளங்கையை என் வாய்க்கு நேரே நீட்டி, ஊதுங்க என்கிறாள், ஊதினேன், கையை முகர்ந்து பார்த்தாள், சரி போங்க, டப்பா கைக்கு வந்தது, வாட வந்துச்சுன்னா டப்பாவும் கெடையாது கேட்டும் கெடையாது, காய்ச்சல்னு நானே போன் போட்டுருவேன் என்றாள், ஒரே ஒரு முறை போட்டாள், என் வேலை தப்பியது அந்தப் பொய்யால்தான், அதன்பின் நான் தொடவில்லை, ஆனாலும் கை தினமும் நீளும், விரல்களில் காயப்பொடி வாசம், சாம்பாருக்குப் போட்ட பெருங்காயம். நான்கு வருடம். பர்மனன்ட் ஆனேன். அப்புறம் அவள் நுரையீரல் இறுகிக்கொண்டே வந்தது, ஆஸ்பத்திரியில் அவளுக்கும் ஒரு மெஷின், மூன்று அறை, மூன்று பந்து, அதில் ஊதக்கூடாது, குழாயில் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், இழுத்தால் பந்து ஏறும், ஒங்களுக்கு மெஷின்ல சைபர், முட்ட வாங்குனா பாஸ், எனக்கு மூணும் ஏறுனாத்தான் பாஸ், நல்ல நியாயம்லா என்று சிரித்தாள், சிரிப்பு இருமலாயிற்று, ஒரு பந்து ஏறியது, இரண்டாவது பாதியில் நடுங்கி நின்றது, மூன்றாவது கடைசிவரை அசையவில்லை, அப்போதும் நான் டூட்டிக்குக் கிளம்பினால் கட்டிலிலிருந்து கை நீள்கிறது, ஊதுங்க.

நேற்று மதியம், கருமாதிச் சாப்பாடு முடிந்து, பந்தல் ஓரத்தில் அவள் அண்ணன் கொம்பையா எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி நீட்டினார், நல்ல மனுஷன், அழுது கண் வீங்கியிருந்தது, ஒரு வாய் போடுங்க மாப்ளே, நெஞ்சடைப்பு எறங்கும், இன்னைக்கு யாரு கேக்கப்போறா என்றார், வாங்கிக்கொண்டேன், யாரும் கேட்கப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது, பதினாறு நாளில் முதல்முறையாக, டம்ளர் உதடு வரை வந்தது, இடது கை தானாக உயர்ந்து வாய்க்கு நேரே நின்றது, என் கைதான், ஊதினேன், முகர்ந்தேன், ரசம், வெற்றிலை, அவ்வளவுதான், நாளைக்கு டூட்டி மச்சான் என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் அதை மண்ணில் கவிழ்த்தார், அவ பொழைக்க வச்ச வேலைலா மாப்ளே என்றார்.

தம்பி, ஊதுங்க, இரண்டாம் முறை சொல்கிறார் அண்ணாச்சி, குழாயின் அந்தப் பக்கம் மெஷின் இல்லை, உள்ளங்கை, காயப்பொடி, ஊதுகிறேன், இருப்பதையெல்லாம், அவர் இப்போதுதான் என் முகத்தைப் பார்க்கிறார், முட்ட, போங்க தம்பி. டப்பா இல்லாத கையோடு கிரேன் ஏணியில் ஏறுகிறேன், முதல் மேடை, இரண்டாவது மேடை, மூன்றாவதில் நிற்கிறேன், கீழே கப்பல், கடல், வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுக்கிறேன், ஆழமாக, நெஞ்சு கொள்ளும் மட்டும், மூணும் ஏறிட்டுது வல்லி.