மொக்காவுக்குப் பிறகு சாப்பிடுபவர்

1.

இந்தக் கதை பிரெஞ்சுத் தலைநகரில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஓர் இறைச்சிக்கடை வரிசையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்றவர் ஆட்டிறைச்சியோடு தனியாக எலும்பும் கேட்டார்.

"சூப்புக்கோ, றெமிஜியஸ் அண்ணை?" என்றார் கடைக்காரர்.

"எங்கடை வீட்டுத் துரைக்கடாப்பா. சோபாவிலை படுத்திருக்கிறார். இறங்கச் சொன்னா உறுமுறார். பழக்கிறதுக்கு ஒரு வெள்ளைக்காரன் வந்து போறான்."

துரை என்று அவர் நக்கலாகச் சொன்னது நாயை. நான் கேட்டது இவ்வளவுதான். மீதி கற்பனை, பிழைகளும் என்னுடையவை.

2.

தொடக்கம்: "அந்தச் சோபாவில் மரியகொறற்றி ஒருநாளும்

(நிறுத்திவிட்டேன். முழுக் கதையையும் முதல் வரியிலேயே கொட்டப் பார்த்தேன்.)

மறுபடி. மரியகொறற்றியின் மகள் ஷிரோமிக்கு லியோன் நகரில் வேலை கிடைத்தது. தன் நாய் மொக்காவைப் பெற்றோரிடம் விட்டுப் போனாள். மரியகொறற்றி ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை முடித்து மூன்று மாடி ஏறி வரும்போது கதவடியில் காத்திருப்பது மொக்கா மட்டும்தான். கணவர் றெமிஜியஸ் தொலைக்காட்சியிலிருந்து தலையைத் திருப்புவதில்லை. [அவருக்கு இது கொஞ்சம் அநியாயம். அவரும் நாள் முழுக்க உணவகமொன்றில் நின்றபடி வேலை செய்கிறவர். இருக்கட்டும்.]

ஒருநாள் அவர் கழுத்துப்பட்டியைப் பிடித்து மொக்காவைச் சோபாவிலிருந்து இழுத்தார். அது பல்லைக் காட்டியது.

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை திருந்தாட்டி நாய்க் காப்பகத்திலை குடுத்திடுவன்," என்றார்.

மரியகொறற்றி அன்று தன் சோற்றைத் தொடாமலே மூடி வைத்தாள்.

3.

பயிற்சியாளர் ரொபேர் விதிகளை எழுதிக் கொடுத்தார். கதவால் மனிதர் முதலில் போகவேண்டும். நாய் சோபாவில் ஏறக்கூடாது. மனிதர் சாப்பிட்ட பிறகே நாய்க்குச் சாப்பாடு.

"கடைசியாகச் சாப்பிடுபவர்தான் வீட்டில் கடைசித் தரம். நாய்க்கு அது விளங்கும்," என்றார். றெமிஜியஸ் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார்.

* குறிப்பு: தேடிப் படித்தேன். ஒன்றையொன்று அறியாத ஓநாய்களை ஒரே கூண்டில் அடைத்துப் பார்த்ததிலிருந்து கிளைத்த பழைய எண்ணம் இந்தத் தர வரிசை. ஆராய்ந்தவர்களில் பலர் பின்னர் கைவிட்டுவிட்டார்கள். தாள்களில் மட்டும் இன்னும் ஒட்டியிருக்கிறது.

4.

ஞாயிறு, பூசை முடிந்து வந்து மரியகொறற்றி சமைத்தாள். ரொபேர் பார்வையிட வந்தார். றெமிஜியஸ் சாப்பிட்டார். பிறகு மொக்காவுக்குக் கிண்ணம் வைத்தார். அதற்குப் பிறகு மரியகொறற்றி சட்டியில் மிஞ்சியதைப் போட்டுக்கொண்டு குசினியில், அடுப்படி முக்காலியில் உட்கார்ந்தாள்.

ரொபேர் பேனாவை நிறுத்தினார். "மதாம், நாய்க்கும் பிறகா?"

"அவ எப்பவும் கடைசியாத்தானே," என்று றெமிஜியஸ் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு பிரெஞ்சில் சொன்னார்.

இதற்குள் மொக்கா சோபாவில். றெமிஜியஸ் இறங்கச் சொல்லிக் கத்தினார். உறுமல். குசினியிலிருந்து, வாயில் சோற்றோடு, "மொக்கா, இஞ்சை வா ராசா," என்று ஒரு குரல். மொக்கா இறங்கி அவளிடம் போனது.

ரொபேரின் விதிப்படி, கடைசியாகச் சாப்பிடுபவரின் சொல்லுக்கு நாய் இறங்கவே கூடாது.

"என்னைக் கழுத்திலை பிடிச்சு இழுத்தா நானும் உறுமுவன்," என்றாள் மரியகொறற்றி.

ரொபேர் விட்டுக்கொடுக்கவில்லை. மதாம் இனிமேல் முசியேவோடு, அதாவது கணவரோடு, மேசையில் சாப்பிட வேண்டும், நாய்க்கு முன்னால். முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக றெமிஜியஸ் மனைவிக்குக் கதிரையை இழுத்து வைத்தார்.

"நாய்க்காகத்தான். வந்து இரும்."

5.

இங்கேதான் எனக்குச் சிக்கல். அந்த ஓநாய்க் குறிப்பை றெமிஜியஸிடம் காட்டினால் விதிகள் பொய்யாகும், மொக்கா தப்பும்; மரியகொறற்றி முக்காலிக்குத் திரும்புவாள். மறைத்தால் கதிரை அவளுக்கு. ஞாயிறு கெடு தள்ளிப்போனாலும், அடுத்த உறுமலில் மொக்கா காப்பகத்துக்கு.

முடிவு அ: றெமிஜியஸ் குறிப்பை வாசித்து மனம் மாறி (இல்லை. அவர் வாசிக்கமாட்டார்.)

முடிவு ஆ: அவள் கதிரையில் இருந்து சாப்பிடுகிறாள். மொக்கா மறுபடி சோபாவில் ஏறுகிறது. றெமிஜியஸ் எழும்புகிறார். கை கழுத்துப்பட்டியை நோக்கிப் போகிறது.

"இருங்கோப்பா," என்கிறாள், தட்டிலிருந்து கண்ணெடுக்காமல். "நான் இன்னும் சாப்பிட்டு முடியேல்லை. அது அங்கை படுக்கட்டும்."

கை பாதிவழியில் நிற்கிறது. அதற்குமேல் நான் அதைத் தள்ளப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள். அதற்குமுன், உங்கள் வீட்டில் இன்று கடைசியாகச் சாப்பிட்டவரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.