முயலுக்குக் கூலிங் மேட்

முயலுக்குக் கூலிங் மேட் வாங்க என் கணவர் செபாஸ்டியன் அரை நாள் லீவு போட்டார். இருபத்தேழு வருஷக் குடும்ப வாழ்க்கையில் எனக்காக அவர் லீவு போட்டது ஒரே ஒரு முறை, மகள் ஷார்மைன் பிறந்தபோது. அதனால் ஷா ஆலமிலிருந்து கிள்ளான் போய்ச் சேரும்வரை நான் காரில் வாயே திறக்கவில்லை.

முயல் ஷார்மைனுடையது. பெயர் பிஸ்கட், எடை இரண்டு கிலோ. ஜொகூரில் வேலை கிடைத்ததும் அவள் அதை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள். ஒரு வாரமாக நல்ல வெயில். பிஸ்கட் குளியலறை வாசலில் காலை நீட்டிப் படுத்து மூச்சு வாங்கியது. செபாஸ்டியன் அதன் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "காது சுடுது லேனா, பாவம்," என்றார்.

எனக்கும்தான் சுட்டது. ஐம்பத்திரண்டு வயது, மாதவிலக்கு நிற்கிற காலம். ஒரு வருஷமாக நினைத்த நேரத்தில் கழுத்தில் தீப்பிடிக்கிறது, சர்ச்சில் பூசை நடுவில் வியர்த்து ஊற்றுகிறது. அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிய வேண்டும் என்று ஒரு வீம்பு. முயலின் காது சுடுவது தெரிந்த மனுஷனுக்கு நான் படுகிற பாடு தெரியவில்லையே என்பதுதான் என் கோபம்.

செல்லப்பிராணிக் கடையில் ஃபர்ஹானா என்ற பெண், குளிர்ச்சியாகப் படுக்கிற மேட்டில் மூன்று வகை எடுத்துப் போட்டாள்: ஜெல் அடைத்தது, அலுமினியத் தகடு, பளிங்குக் கல். செபாஸ்டியன் ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கன்னத்தையும் வைத்தார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

"முயலுக்கு ஜெல் வேணாம் அங்கிள், கடிச்சிடும் லா," என்றாள் ஃபர்ஹானா. "உள்ள இருக்கறத தின்னா வயித்துக்கு ஆகாது. கல்லு எடுங்க. கூண்டுல பாதிக்கு மட்டும் போடுங்க. குளிருச்சுன்னா அது தள்ளிப் படுக்க எடம் வேணும்."

கல் என்று முடிவானது. நான் கவுண்டர் பக்கம் நடந்தேன். அவர் வரவில்லை. ஜெல் மேட்டையே மறுபடி தடவிக்கொண்டிருந்தார்.

"இதுல பெருசு இருக்காம்மா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அதான் கடிக்கும்னு அந்தப் பொண்ணு சொல்லுதே! முயலுக்கு ஒண்ணுன்னா இப்படித் துடிக்கிறீங்க. ஒரு வருஷமா நான் எரிஞ்சிக்கிட்டு இருக்கேன், உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், ஃபர்ஹானாதான் பேச்சை மாற்றப் பார்த்தாள்.

"வீட்ல நாயும் இருக்கா அங்கிள்? கிலோ பார்த்துத்தான் சைஸ் எடுக்கணும். எத்தன கிலோ?"

செபாஸ்டியன் தரையைப் பார்த்தபடி, "எழுவத்தாறு," என்றார்.

"அவ்ளோ பெரிய நாயா?"

"நாய் இல்லம்மா." அவர் குரல் இறங்கிவிட்டது. "பெட்ஷீட்டுக்கு அடியில போடலாமா? தெனம் காலையில ஆன்டி படுக்கிற பக்கம் நனைஞ்சிருக்கு. நான்தான் எடுத்துக் காயப்போடுறேன். என்னன்னு கேட்டா கோவிச்சுக்குவாங்களோன்னு கேக்கல."

நான் காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறவள். மாலையில் வரும்போது படுக்கையில் விரிப்பு காய்ந்து, சுருக்கமில்லாமல் கிடக்கும். அது எப்படிக் காய்ந்தது என்று ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதே அந்த நாய்ச் சாமான்களுக்கு நடுவில்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஃபர்ஹானா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். நான் திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எழுவத்தொண்ணுதாம்மா," என்றேன் அவளிடம்.