முப்பது விழுக்காட்டு அந்தாதி

1

மன்னிப்பு: அந்தச் சொல்லில்தான் இக்கதையைத் தொடங்க வேண்டும். ஏனெனில் இது திருடிய கதை. அடுத்த அறையில் நடந்ததைச் சுவரில் காது வைத்துக் கேட்டேன். (சுவர் மெல்லியது, குற்றம் கட்டியவருடையது.) அங்கிருப்பவர் பல்கலைக்கழகப் பேராசிரியை. எழுத்துக்கலையும் கல்வித் தொழில்நுட்பமும் கற்பிப்பவர். காலையில் சொல்லணி, மாலையில் கணினி.

2

கணினிக்கு அவரே ஒரு விதி வகுத்திருந்தார். கட்டுரையில் வந்த தொடரே மீண்டும் வந்தால் அது நகல். நகல் முப்பது விழுக்காட்டைத் தாண்டினால் மதிப்பெண் சுழியம். மூன்று கூட்டங்களில் வாதாடி வென்ற விதி. அன்று ஒரு மாணவிக்கு நாற்பத்தொன்று வந்தது. ஐந்து மணிக்கு மதிப்பெண் பட்டியல் கணினியில் தானே பூட்டிக்கொள்ளும். பூட்டினால் அவள் பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும்.

[அம்மையாரின் முகம் தாமரையெனச் சிவந்து— வேண்டாம். இடையில் சுவர்.]

யாரைப் பார்த்து எழுதினாய் என்று அவர் கேட்டார்.

"உங்களைப் பார்த்துதான். முடிஞ்ச தொடர்லயே அடுத்த வாக்கியத்தை ஆரம்பிங்க, அதுக்கு அந்தாதின்னு பேருன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?"

"அப்போ மத்தவங்க யாரும் அப்படி எழுதலையே?"

"மத்தவங்க யாரும் கவனிக்கலை, மேடம்."

3

மேடம் நாற்காலியை இழுத்து உட்காரும் ஓசை கேட்டது. அவருடைய பாடத்தைச் செவிமடுத்த ஒரே பிள்ளையை அவருடைய விதியே பிடித்துவிட்டது. மென்பொருளுக்கு யாப்புத் தெரியாது, அவருக்குத் தெரியும். விதி தவறென்று துறைத்தலைவருக்கு அவரே எழுதினால்தான் மாணவி பிழைப்பாள்.

முடிவுக்காக நானும் அலைந்தேன். மின்சாரம் போய்ப் பட்டியல் பூட்டாமல் நின்ற— சோம்பேறி முடிவு, அடித்தேன். இறைவனை அழைக்கலாம், ஆனால் கணினி பழுதுபார்க்க ஆண்டவனை இறக்குவது என் பக்திக்கு இழுக்கு. ஆகவே மீண்டும் எனக்குத் துணை அந்தச் சுவர்.

4

சுவருக்கு அப்பால், ஐந்தாக நான்கு நிமிடம் இருக்கையில், விசைகள் ஒலித்தன. வாய்விட்டுப் படித்தபடி தட்டச்சிடுவது அம்மையாரின் வழக்கம். "தவறு அந்தப் பெண்ணுடையதன்று," என்றார். பிறகு இருமினார். பிறகு அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிக் கடைசிச் சொல்லுக்கு முன்னே நின்றுவிட்டார். முப்பதாண்டுப் பணியில் அவர் யாரிடமும் சொல்லியிராத சொல் அது.

அந்தாதி தொடங்கிய சொல்லிலேயே முடிய வேண்டும். நான் தொடங்கிய சொல் மேலே கிடக்கிறது, வாசகரே. எடுத்து வந்து இங்கே இடுவது உங்கள் பொறுப்பு. மூன்று நிமிடம் இருக்கிறது. வாக்கியம் இதுவரை வந்திருக்கிறது:

"விதியை எழுதியவள் நான், ஆகவே அவளிடம் நான் கேட்பது