ஒன்பதாம் எண் படகின் எடை

பாய்ப்படகுச் சங்கத்தின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய செய்தி: இவ்வாண்டு ஆய்வில் ஒன்பதாம் எண் படகின் எடை பூஜ்யத்துக்குக் கீழே தொண்ணூறு கிலோ. தராசைத் தலைகீழாகத் தரையில் கட்டித்தான் நிறுக்க முடிந்தது. பொன் கைவசம் இல்லாததால், படகுகளை அளந்து சான்று தரும் அளவர் அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

இவ்வகைப் படகின் பெருமையே எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்பதுதான். ஒரே நீளம், ஒரே பாய், ஒரே எடை. ஜெயித்தவர் திறமையால் ஜெயித்ததாகவும் தோற்றவர் காற்றால் தோற்றதாகவும் சொல்லிக்கொள்ள வசதி. எடை குறைந்தால் ஈயக்கட்டி திருகிச் சரிக்கட்டலாம். ஆனால் ஐந்து கிலோவுக்கு மேல் கூடாது. ஐந்து கிலோவும் திருகியாயிற்று. படகு மேடைக்கு ஒரு சாண் மேலேயே நின்றது.

சங்கடம் என்னவென்றால், அது அளவருடைய மனைவியின் படகு.

"உங்க வீட்டம்மா படகு மட்டும் எப்படி சார் இளைக்குது? டயட்டா?" என்றார் சங்கத் தலைவர். அவர் பல் மருத்துவர்; பதினோரு ஆண்டுகளாகக் கோப்பை அவர் வீட்டில்தான் இருந்தது.

விதிப்படி இருக்க வேண்டிய அறுபது கிலோ என்று எழுதிவிட்டால் வம்பில்லை. அளவர் பென்சிலைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பதினோரு வருஷமா அந்தாளு முதுகையே பாத்துக்கிட்டு வரேன்," என்றாள் மனைவி. "ஜெயிச்சா, புருஷன் தயவுன்னு ஒருத்தனும் சொல்லக்கூடாது. உள்ளதை எழுதுங்க."

உள்ளதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். செயற்குழு மூன்று வாரம் விதிப்புத்தகத்தைப் புரட்டியது. படகு தண்ணீரைத் தொட வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. தலைவர் மட்டும், சமத்துவம் செத்துவிட்டது என்று ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு, போட்டி முடிந்ததும் புகார் தருவதாக அறிவித்தார்.

போட்டியன்று நல்ல காற்று. கொடி இறங்கியதும் பதின்மூன்று படகுகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின. ஒன்பதாம் எண், மனைவி ஏறியும் அந்த ஒரு சாண் உயரத்திலிருந்து இறங்காமல், அலைக்கு மேலே பக்கவாட்டில் நகர்ந்தது.

"திரும்பவே மாட்டேங்குதுங்க!"

"சுக்கான் தண்ணியில படலம்மா! எப்படித் திரும்பும்?" என்று படித்துறையிலிருந்து கத்தினார் அளவர்.

படகு நாணல்களைத் தாண்டி, கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி, பள்ளி மைதானத்தில் ஒதுங்கியது. காற்று மாறியதும் அதே வழியே திரும்பி வந்து எல்லைக்கோட்டைக் கடந்தபோது மணி நான்கு. தலைவர் கோப்பையோடு வீட்டுக்குப் போயிருந்தார். புகார் எதுவும் வரவில்லை. அளவரின் நேர்மையை அதன்பின் ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

மனைவி அடுத்த ஆண்டும் அதையே ஓட்டினாள், அப்போதும் கடைசி. தண்ணீரே படாததால் அடியில் பாசி பிடிப்பதில்லை, தேய்த்துக் கழுவும் வேலை மிச்சம்.