தம்புசாமியும் லைசன்ஸ் இல்லாத தாப்பிரும்

தம்புசாமி சுங்கை பூலோவில் முப்பது வருடமாகக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். சாலையில் நகரும் எதுவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்பது அவருடைய கொள்கை. எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிளையும் சிக்னல் போடாமல் திரும்பும் லோரியையும் பெரிய மனதோடு மன்னித்துவிடுவார். மிருகங்களை மட்டும் அவரால் மன்னிக்க முடிந்ததில்லை.

"பாதி ரோடு தாண்டிட்டுத் திரும்பி வரும்மா. புத்தியே கிடையாது. ஹான் சத்தம் ஒண்ணுதான் அதுக்குப் புரியிற பாஷை."

கேட்டுக்கொண்டிருந்த சுலைகா பங்சாரில் சாப்பாட்டுக்கடை நடத்துபவள். வயது நாற்பத்திரண்டு. பரீட்சையில் இரண்டு முறை தோற்றவள். கடை வேலை தொடங்குமுன் பாடம் முடிய வேண்டுமென்று காலை ஏழு மணிக்கே வண்டியில் ஏறிவிடுவாள்.

அன்று தூறல். வெளிச்சம் சரியாக வரவில்லை. சாலையின் இடப்பக்கம் புதர்க்காடு. வலப்பக்கம், காட்டை வழித்தெடுத்துவிட்டு அதற்குப் 'பசுமைவனம்' என்று பெயரும் வைத்திருந்த வீடமைப்புத் திட்டத்தின் உயரமான தகர வேலி. திடீரென்று சுலைகா பிரேக்கை மிதித்தாள்.

புதரிலிருந்து ஒரு தாப்பிர், பன்றி உடம்பும் குட்டித் தும்பிக்கை போன்ற மூக்குமாக, இறங்கி வந்தது. தலையும் கால்களும் கறுப்பு, நடு உடம்பில் வெள்ளைத் துணியைச் சுற்றிவிட்டாற்போல. நடுச்சாலை வரை வந்து நின்றுகொண்டது. எதிரே வந்த லோரியும் நின்றது.

"ஹான் அடிம்மா!"

"வேணாண்ணே. அது எதையோ தேடுற மாதிரி நிக்குது."

"லைசன்ஸ் இல்லாத ரெண்டு பேரும் சேந்து எனக்குச் சொல்லித்தரீங்களா?"

எட்டி, அவரே அடித்தார். நான்கு முறை. போதாதென்று பெரிய விளக்கையும் போட்டார். ஹாரன் சத்தம் தகரத்தில் மோதித் திரும்பி வந்தது. தாப்பிர் முன்னால் ஓரடி வைத்தது, பின்னால் ஓரடி வைத்தது, பிறகு திரும்பி நேராகக் காரை நோக்கி ஓடிவந்து பம்பரின் மூலையை நொறுக்கியது.

முப்பது வருட அனுபவம் சும்மா இருக்குமா? கதவைத் திறந்து இறங்கினார். "ஏய்!" என்று அதட்டினார். இருநூற்றைம்பது கிலோ அவர் பக்கம் திரும்பியது. அடுத்த கணம் ஆசிரியர் சாலையோர லோங்காங்கில், முழங்கால் வரை சாக்கடைத் தண்ணீரில் நின்றார்.

அங்கிருந்துதான் பார்த்தார். அவர் கண்ணுக்கு நேராக, லாலாங் புல்லுக்குள் ஒரு குட்டி. தர்ப்பூசணிபோல உடம்பெல்லாம் வரியும் புள்ளியும். நடுங்கிக்கொண்டிருந்தது. தாய் ஓடிவந்து அதை மறைத்து நின்று, அவரைப் பார்த்து மூச்சுவிட்டது. அந்தச் சூடு அவர் முகத்தில் பட்டது. லோங்காங் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

சுலைகா விளக்கை அணைத்தாள், இஞ்சினையும் அணைத்தாள். கையை வெளியே நீட்டி லோரிக்காரரிடம் சைகை காட்ட, அவரும் அணைத்தார். இரண்டு நிமிடம் தூறல் சத்தம் மட்டும். பிறகு தாய் மெதுவாகச் சாலையில் இறங்கியது. இம்முறை குட்டி அதன் வயிற்றோடு ஒட்டி நடந்தது. இரண்டும் சாலையைத் தாண்டி, வேலி முடியும் இடத்தில் மரங்களுக்குள் மறைந்தன.

லோரிக்காரர் போன் செய்து வரவழைத்த வனவிலங்கு அதிகாரி மலர், ஈரக் கால்சட்டையோடு நின்றவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது அங்கிள். காதையும் மூக்கையும் நம்பித்தான் நடக்கும். சத்தம் வேலில பட்டுத் திரும்புனா ரெண்டு பக்கமும் ஆபத்துன்னு நெனச்சுக்கும். வந்த வழியே ஓடும். குட்டி வேற அந்தப் பக்கம் நின்னிருக்கு. ஹான் அடிச்சீங்களா?"

"சும்மா, லேசா..."

"நாலு தடவ," என்றாள் சுலைகா. "ஹை பீமும் போட்டாரு லா."

தம்புசாமி வானத்தைப் பார்த்தார்.

அடுத்த மாதம் சுலைகா பரீட்சையில் தேறினாள். கடையிலிருந்து ஒரு பெரிய டப்பா நிறையப் பிரியாணி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அப்போது ஒரு புது மாணவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"மிருகம் வந்தா நிறுத்திடணும். லைட்ட இறக்கு. ஹான் பக்கமே கை போகக்கூடாது. பின்னால குட்டி இருக்கான்னு பாரு. முப்பது வருஷமா நான் இதத்தான் சொல்லிட்டு வரேன், எவன் கேக்குறான்?"

சுலைகா டப்பாவை வைத்துவிட்டு, சிரிப்பு வெளியே வருமுன் கார்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.