மூன்று மாதப் புருஷன்

மழைக்கால விரதம் வந்துவிட்டால் என் புருஷன் கம்பான் தங்கமானவன். பிக்குகள் விகாரையை விட்டு நகராத அந்த மூன்று மாதமும் தாய்லாந்தில் எங்கள் கோன்கேன் ஊரில் பாதிக் குடிகாரர்கள் பாட்டிலைத் தொடுவதில்லை. இவனும் தொடமாட்டான். என் கடையில் கோழி சுடுவான், என்னைக் கேலி செய்வான், காதுக்குள் பேசும் குரலைப் பற்றி மூச்சுவிடமாட்டான். விரதம் முடிந்து படகுப் போட்டி வந்ததும் சாராயம். அடுத்த இரண்டு வாரத்தில் குரல் திரும்பிவிடும், மனநல ஆஸ்பத்திரியில் கட்டில் போட்டுவிடுவார்கள். நான்கு வருடமாக இதே கூத்து. அதற்கடுத்த பௌர்ணமிக்கு ஊரே ஜோடியாக ஏரியில் விளக்குத் தெப்பம் விடும். நான் ஏரிக்கரையில் ஒற்றையாக நிற்பேன்.

"இந்த வருஷமும் போய்ப் படுத்தீன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று விரதம் முடியுமுன்பே சொல்லிவிட்டேன். வெறும் மிரட்டல் இல்லை. பையே கட்டினேன்.

பை கட்டும்போதுதான் அலமாரிக்குப் பின்னால் சோறு வைக்கும் பழைய மூங்கில் கூடை ஒன்று கிடைத்தது. திறந்தால் முழுக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைக் கவர், பிரிக்காமலே! கோபம் தலைக்கேற, கூடையையும் கம்பானையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனநோயும் குடியும் சேர்ந்தே பிடித்தவர்களைப் பற்றி ஆராயும் மருந்தியல் பேராசிரியை விலைபான் அங்கே வியாழக்கிழமை வருவார். அவர் மேசையில் கூடையைக் கவிழ்த்தேன்.

"பாருங்க புரபசரம்மா, எப்படி ஏமாத்தியிருக்கான்னு!"

கம்பானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாருடி ஏமாத்தினா? நான் சொன்ன பேச்சு கேக்குறவன். 'மதுவுடன் சாப்பிடக் கூடாது'ன்னு கவர்ல செவப்பா ஒட்டியிருக்காங்கல்ல? குடிச்ச நாள்ல சாப்பிடல. அவ்வளவுதான்."

"எத்தனை நாள் குடிச்சீங்க?" என்றார் பேராசிரியை.

"விரதம் தவிர எல்லா நாளும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கவரைத் திருப்பிப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

"இத எழுதினதே நான்தான். குடிய விடுவீங்கன்னு நெனச்சு எழுதினேன். நீங்க மாத்திரைய விட்டுட்டீங்க."

உடனே டாக்டரைக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு கம்பானிடம் சொன்னார்: "இந்த மாத்திரைய குடிச்ச நாள்லயும் விடக் கூடாது. குடிச்சத மட்டும் எங்ககிட்ட மறைக்காதீங்க."

படகுப் போட்டியன்று கம்பான் தள்ளாடிக்கொண்டுதான் வந்தான். திட்டிக்கொண்டே மாத்திரையை நீட்டினேன், விழுங்கினான். தினமும் அப்படியே. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. கட்டிய பை மூலையிலேயே கிடந்தது. எனக்குத்தான் பயம் விடவில்லை.

பௌர்ணமியும் வந்தது. ஏரிக்கரையில் இரண்டு பேரும் சேர்ந்து தெப்பம் விட்டோம். திரும்பும் வழியில் சாராயக் கடையைப் பார்த்தும் நிற்காமல் நடந்தான்.

"என்னய்யா, இன்னிக்கு வேணாமா?"

"அந்தக் குரலோட வாய அடைக்கத்தான் குடிச்சேன். இப்ப அவன் வர்றதே இல்ல. ஒத்தையில குடிக்க போரடிக்குது."

"காதுக்குள்ள கத்த ஒரு ஆள் வேணும், அவ்வளவுதானே? நான் இருக்கேன், வா" என்றேன்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பையைப் பிரித்தேன்.