மரம் இல்லாத வளைவு

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் என் காதில் விழுந்தது. எனக்குப் பின்னால் யாரோ போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

“இங்க எதுக்கு வளையுது?”

“மரம் இருக்கு.”

“அங்க மரமே இல்லையே.”

அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த நேரம் முழுக்க, எது வளைகிறது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் நாற்காலி காலி. எனக்குக் கதைகள் இப்படித்தான் வரும். முதலில் குரல் வரும். ஆளைப் பிறகு தேடிப் பிடிக்க வேண்டும். முகமும் சட்டை நிறமும் கடைசியில் வரும், வராமலும் போகும். ஆகவே இதில் யாருடைய மூக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லப் போவதில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளைவது ஒரு நடைபாதை என்று வீடு போய்ச் சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

நல்ல புறநகர் மையத்துக்கு நான்கு அம்சங்கள் தேவை. முதலாவதாக —

இரண்டாவது அம்சத்துக்குப் போவதற்குள் எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன். அடுத்தது:

அந்த நீரூற்றில் ஒருநாளும் தண்ணீர் வந்ததில்லை. இருந்தும் காலை வேளைகளில் —

இது படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நீரூற்றுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. [ஊர் நடுவில் கட்டுகிற நீரூற்றுகளில் பலவற்றுக்கும் திறப்பு விழாப் படத்தில் நிற்பதைத் தவிர வேறு வேலை இருப்பதில்லை.] மூன்றாம் தடவை பேச்சிலேயே தொடங்கினேன். வண்டி கிளம்பிவிட்டது.

“போற வழியில பார்த்துக்கணும். பார்க்கணும்னே கிளம்பிப் போற மாதிரி வெச்சா, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கவே மாட்டாங்க.”

பேசுகிறவள் நகரத் திட்ட அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். ஐம்பதை நெருங்குகிறாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஸ்கேலம்மா. பாதை என்றால் நேராகப் போட வேண்டும் என்பது அவள் கட்சி. சுற்ற வைத்தால் ஜனங்கள் சுற்ற மாட்டார்கள். புல்லை மிதித்துக் குறுக்கே நடந்து, நீங்கள் செய்த தப்பைத் தரையிலேயே போட்டுக் காட்டிவிடுவார்கள் என்பாள்.

3

இப்போது அவள் கையில் இருந்தது ஒரு புறநகரின் மையம். ஒரு முனையில் ரயில் நிலையம், மறுமுனையில் நூலகமும் காய்கறிச் சந்தையும், நடுவில் பழைய கடை வரிசை. கார்களைக் கடைகளின் முதுகுப் பக்கத்துக்கு அனுப்பினாள். கடைக் கதவுகளை நடைபாதையைப் பார்க்கத் திருப்பினாள். மேல்மாடிகளைக் குடியிருப்பாக்கினாள், கடை சாத்திய பிறகும் ஜன்னலில் வெளிச்சமும் தெருவில் யாராவது ஒருவரின் கண்ணும் இருக்கட்டும் என்று. பெஞ்சுகளுக்கெல்லாம் சாய்மானம் வைத்தாள். சாய்மானம் இல்லாத பெஞ்சு போடுகிறவன் வாழ்க்கையில் எதற்கும் காத்திருக்காதவன் என்று அவளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.

ரயிலில் இறங்குகிறவர் மருந்து வாங்கி, நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, காய்கறிப் பையோடு வீடு போய்ச் சேர ஒரே நடை போதும். அந்த நடையில் தெரிந்த முகம் ஒன்றிரண்டாவது எதிரே வர வேண்டும். வந்தால்தான் அது மையம். வராவிட்டால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற கடைகள், அவ்வளவுதான். கூட்டங்களில் இதை அவள் சொல்லும்போது குறிப்பெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

படத்தில் எல்லாம் நேர்கோடுதான். ஒரே ஓர் இடம் தவிர. ஜெராக்ஸ் கடை வாசலுக்கு வந்ததும் பாதை தொப்பை போட்ட மாதிரி வெளியே பிதுங்கி, எதிர்ப்பக்கம் போய், மறுபடி கோட்டுக்கு வந்தது. பிதுக்கத்துக்குள் பச்சையில் ஒரு வட்டம். வரைபடத்தில் பச்சை வட்டம் என்றால் மரம். மரத்தைச் சுற்றிச் செடிவேலி. பாதையில் போகிறவருக்கு அந்தக் கடை இருப்பதே தெரியாது.

ஜெராக்ஸ் கடைக்காரர் அவளுடைய தம்பி.

4

சொந்தத் தம்பியின் கடையை அக்கா எதற்காக மறைக்க வேண்டும்? இரண்டு வரைவுகளில் சொத்துத் தகராறு என்று எழுதிப் பார்த்தேன். உடனே ஆட்கள் எல்லோரும் வக்கீல் நோட்டீஸ் மாதிரிப் பேச ஆரம்பித்தார்கள். பிறகுதான் அந்தக் கடையில் சாயங்காலமானால் ஒருவர் வந்து உட்காருகிறார் என்று தெரிந்தது. அவள் விட்டு வந்த கணவர்.

[இவரை எனக்குப் பிடிக்கவில்லை. கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்றும் பார்த்தேன். எடுத்தால் பாதை வளையவில்லை.]

குடிகாரரா, அடிப்பாரா என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை. அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அவர் முடித்துவைப்பார். “நான் நாளைக்கு —” என்று ஆரம்பித்தால் “அம்மாவைப் பார்க்கப் போறே, சரி” என்பார். பல தடவை அவர் சொல்வது சரியாகவும் இருக்கும், அதுதான் கொடுமை. இருபது வருஷம் பாதி வாக்கியத்தோடு வாழ்ந்துவிட்டு, ஒருநாள் எதுவுமே சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டாள்.

தம்பி அவரை விடவில்லை. அக்கா நேரில் போய்க் கேட்டாள்.

“அவரை விட்டுட்டு வந்திருக்கேன். நீ உட்கார வெச்சு டீ வாங்கித் தர்றே.”

“நீ விட்டுட்டே, சரி. எனக்கு அவர் அத்தான்தானேக்கா? அத்தானாக்கும்போது என்னைக் கேட்டியா? இப்ப வேண்டாம்னும் நீயே சொன்னா எப்படி?”

அன்றோடு அவள் அந்தக் கடைப் பக்கம் போவதை நிறுத்தினாள். வரைபடங்களை வேறு கடையில் அச்செடுத்தாள். வளைவை வேண்டுமென்றே போட்டாளா? எனக்குத் தெரியாது. அவளைக் கேட்டால் அந்த இடத்தில் நிழல் வேண்டும் என்பாள். நிழல் நல்லதுதான், யார் மறுக்க முடியும்? என்ன, முதலில் பாதை வளைந்தது, மரம் பிறகு வந்தது.

5

வரைபடம் மறுநாள் அலுவலக வாசல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். வழக்கமாக அச்செடுக்கும் கடையில் இயந்திரம் மக்கர் பண்ணியது. அலுவலகத்தில் யாரோ யோசிக்காமல் பழையபடி தம்பி கடைக்கே அனுப்பிவிட்டார்கள். போன் வந்தது.

“இங்க எதுக்குக்கா வளையுது?”

குரலைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு நலம் விசாரிக்கத் தோன்றவில்லை.

“மரம் இருக்கு.”

“அங்க மரமே இல்லையே. நான்தான் தினம் கூட்டறேன் அந்த இடத்தை.”

“வைக்கப் போறோம்.”

பின்னால் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அவன் சொன்னான், சண்டைக்காரக் குரலில் இல்லை, வாடிக்கையாளரிடம் ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று கேட்கிற குரலில்:

“பலகையில ஒட்டிட்டா அப்புறம் மாத்த மாட்டாங்கன்னு சொல்றாங்க. வழி அந்தப் பக்கம் போச்சுன்னா நான் கடையை மூடிட வேண்டியதுதான். அடிக்கட்டுமா, நிறுத்தி வைக்கட்டுமா? நீ என்ன சொல்றியோ அதைச் செய்யறேன்.”

அவன் கெஞ்சியிருந்தால் அவள் “அடி” என்று சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

“நிறுத்து,” என்றாள்.

“சரி. புதுசு போட்டா மெயில்ல அனுப்பாதே. நேர்ல கொண்டா. நீ போடற வழியிலயே நடந்து கொண்டா.”

6

மரத்தை அழிக்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மரம் போனதும் வளைவு அசட்டுத்தனமாக நின்றது. அதை நிமிர்த்தினாள். கோடு ரயில் நிலையத்திலிருந்து கிளம்பி, தம்பி கடை வாசலை உரசிக்கொண்டு நூலகத்துக்குப் போனது. நிழலுக்குக் கடைகளின் கூரையை முன்னால் இழுத்துவிட்டாள். ஆரம்பத்திலேயே அப்படிச் செய்திருக்கலாம்.

இனி முடிவு. ஒன்று சொல்கிறேன்: அவள் மெயிலில் அனுப்பிவிட்டாள். கடை பிழைத்தது. கெட்ட முடிவு இல்லை. நிறையக் குடும்பங்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

இன்னொன்று: அவள் நேரில் போனாள். நல்லவேளையாக அந்தக் கணவருக்கு அன்று காய்ச்சல், கடைக்கு வரவில்லை. அக்காவும் தம்பியும் —

இல்லை. அந்தக் காய்ச்சல் நான் நட்ட மரம். அதையும் அழித்துவிட்டேன்.

7

சாயங்காலம் ரயிலில் வந்து இறங்கி, நிலையத்திலிருந்து நடந்தாள். பாதை இன்னும் படத்தில்தான் இருந்தது. தரையில் நிறுத்திய கார்களும் உடைந்த சிமெண்டுப் பலகைகளும்தான். கார்களுக்கு நடுவே முழங்காலை இடித்துக்கொண்டு நேராகப் போனாள். மருந்துக்கடை அம்மா எதிரே வந்து, என்ன இந்தப் பக்கம் என்றாள். வேலையாக வந்தேன் என்றாள் இவள். சுருட்டிய படம் கக்கத்தில்.

கடை வாசலில் நின்றாள். தம்பி நிமிர்ந்து பார்த்து இயந்திரத்தை நிறுத்தினான். அவர் உள்ளே ஸ்டூலில், கையில் டீக் கிளாஸ். எழுந்திருக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி எழுந்த மாதிரி இருந்தார்.

அவள் படத்தை மேசைமேல் விரித்தாள். சுருண்டு சுருண்டு போயிற்று. அவர் கிளாஸை ஒரு மூலையில் வைத்தார். தம்பி மறு மூலையை உள்ளங்கையால் அழுத்தினான். மூன்று பேரும் கோட்டைப் பார்த்தார்கள்.

“நான் —” என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

இதற்கு மேல் எனக்குக் கேட்கவில்லை. நான் காதில் விழுவதை எழுதுகிறவள்; அங்கே மூன்று பேரும் பேசாமல் நிற்கிறார்கள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று உங்களுக்கு ஓர் ஊகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. சரியாகக்கூட இருக்கலாம்.

ஆனால் அவராலேயே இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க முடிகிறது. நாமும் கொஞ்சம் பொறுப்போம். அவளே முடிக்கட்டும்.